காட்டு ஓடுதளத்துக்குப் போகும் முன் யாரைப் பிடிப்பது?

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஃபிராங்க் சர்ச் வனப்பகுதி 23 லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது. உள்ளே கார் போகாது. நடந்து போகலாம், குதிரையில் போகலாம், சால்மன் ஆற்றில் படகில் போகலாம். இல்லையென்றால் சிறு விமானத்தில் போய் இறங்கலாம். 1980-இல் அதைப் பாதுகாக்கப்பட்ட வனமாக்கிய சட்டமே, புழக்கத்தில் இருந்த ஓடுதளங்களை மாநில அரசின் சம்மதம் இல்லாமல் மூடக் கூடாது என்றும் சொல்லிவைத்தது. அதனால்தான் அந்தப் புல் தளங்களும் மண் தளங்களும் இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன.

ஒரு சூப்பர் கப் விமானம் ஆற்றங்கரைக் கூழாங்கல் மேட்டில் வந்து பொத்தென்று உட்காருவதை யூடியூபில் பார்த்துவிட்டு, இன்னும் தனியாகப் பறக்கக்கூட ஆரம்பிக்காத மாணவ விமானிகள் ‘இது எனக்கு எப்போது?’ என்று கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. இந்தப் பறத்தலில் பாதியைத்தான் புத்தகமும் பயிற்சிப் பள்ளியும் சொல்லித்தரும். மீதியை, அந்தப் பள்ளத்தாக்குகளில் பல வருடம் போய்வந்த ஒருவரின் கூடவே இருந்துதான் கற்க முடியும். அப்படிப்பட்டவரை இந்த அத்தியாயத்தில் ‘மூத்தவர்’ என்று குறிப்பிடுகிறேன். வயதில் அவர் உங்களைவிடச் சின்னவராகவும் இருக்கலாம்.

பயிற்றுநர் வேறு, மூத்தவர் வேறு

முதலில் சட்டத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். இங்கேதான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.யின் விதிப்படி, உங்கள் லாக்புக்கில் பயிற்சி நேரமாக ஏறுவது, உரிமம் பெற்ற பயிற்றுநரோடு பறந்த நேரம் மட்டுமே. மாணவ விமானி தனியாகப் பறக்க வேண்டுமானால், எந்த ரக விமானம் என்று குறிப்பிட்டுப் பயிற்றுநர் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு ஆயுள் 90 நாள். தனியாக என்றால் தனியாகத்தான். ஒரு பயணியைக்கூட ஏற்றக் கூடாது.

ஆகவே, ‘முப்பது வருட அனுபவமுள்ளவர் பக்கத்தில் இருக்கிறார், நான் ஓட்டி நேரம் சேர்த்துக்கொள்கிறேன்’ என்ற கணக்கு செல்லாது. அவர் பயிற்றுநர் உரிமம் இல்லாதவர் என்றால், அந்தப் பயணத்தின் கேப்டன் அவர், நீங்கள் பயணி. அவர் இஷ்டப்பட்டு ஸ்டிக்கைச் சற்று நேரம் கையில் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். அவருடைய இன்ஷூரன்ஸ் என்ன சொல்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்; வற்புறுத்தாதீர்கள்.

பண விஷயமும் அப்படித்தான். தனியார் விமானி உரிமம் வைத்திருப்பவர் எரிபொருள், ஆயில், விமான நிலையக் கட்டணம், வாடகை ஆகியவற்றை உடன் வருபவரோடு பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் தன் பங்கை அவர் கொடுத்தே ஆக வேண்டும். இரண்டு பேர் போனால் நீங்கள் பாதி தரலாம். அதற்கு மேல் நன்றிக்கடனாகக் கவர் நீட்டினால், வாங்கியவரின் உரிமத்துக்கே வினை வந்து சேரும். உதவ வேண்டும் என்று தோன்றினால் விமானம் கழுவிக் கொடுங்கள்.

அப்படியானால் மூத்தவரால் என்ன பயன்? விமானத்தை எப்படி ஓட்டுவது என்பதைப் பயிற்றுநர் சொல்லித்தருவார். இன்றைக்கு ஓட்டலாமா, இந்தப் பள்ளத்தாக்குக்குள் நுழையலாமா, இதோடு திரும்பிவிடலாமா என்று ஒருவர் முடிவெடுக்கும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்க்க மூத்தவர் வேண்டும். இரண்டு பேரும் ஒருவராகவே அமைந்தால் அதிர்ஷ்டம். ஐடஹோவின் மெக்கால் ஊரைச் சுற்றி மலைப் பறத்தலுக்கென்றே பயிற்சி தரும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். உரிமம் வாங்கிய பின் அப்படி ஒரு முறையான வகுப்புக்குக் காசு சேர்த்துவையுங்கள். மூத்தவரின் நட்பு அந்த வகுப்புக்குத் துணை. அதற்குப் பதில் ஆகாது.

எப்போது தேட வேண்டும்?

ஆளைச் சீக்கிரம் தேடுங்கள், ஓடுதளத்துக்கு மெதுவாகப் போங்கள். என் கட்சி அதுதான். பத்து மணி நேரப் பயிற்சியிலேயே மூத்தவர் ஒருவருடன் பழக ஆரம்பிக்கலாம். மலைக்குள் நீங்களே ஓட்டிப் போவதற்கு மட்டும் அவசரம் வேண்டாம். தனியார் விமானி உரிமத்துக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 40 மணி நேரம். பெரும்பாலானவர்களுக்கு அதைவிடக் கணிசமாகக் கூடுதலாகவே ஆகிறது. அந்த நேரத்துக்குள் வேகத்தையும் உயரத்தையும் கட்டுக்குள் வைக்கக் கற்றிருந்தாலே பெரிய விஷயம்.

வால் சக்கர விமானம் பற்றி ஒரு வார்த்தை. கப், சிட்டாப்ரியா, ஹஸ்கி, செஸ்னா 180 ஆகியவற்றில் எடையின் மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் விழுகிறது. தரையில் கொஞ்சம் கோணினாலும் விமானம் அந்தக் கோணலைத் தானே பெரிதாக்கிக்கொண்டு சுழலப் பார்க்கும். விமானம் நின்று எஞ்சின் அணையும் வரை கால்கள் தூங்கக் கூடாது. இதற்கென்று பயிற்றுநரிடம் தனிக் கையெழுத்து வாங்க வேண்டும்: சாதாரணமாகவும் பக்கக் காற்றிலும் ஏறி இறங்குவது, முன் சக்கரங்கள் இரண்டில் மட்டும் இறங்குவது, இறங்காமல் மறுபடி மேலே எழுவது எல்லாம் அதில் அடக்கம். ஆரம்பப் பயிற்சியையே வால் சக்கர விமானத்தில் எடுப்பதும் நல்ல வழிதான். ஆனால் வால் சக்கரம் இல்லாமல் காட்டுக்குப் போக முடியாது என்பது கட்டுக்கதை. மூக்குச் சக்கரம் வைத்த செஸ்னா 182-கள் ஜான்சன் கிரீக் புல்வெளியில் ஒவ்வொரு கோடையிலும் வரிசையாக நிற்கின்றன. கரடுமுரடான தரைக்கென்று வரும் 31 அங்குல டயரை வாங்கும் ஆசையையும் ஒத்திப்போடுங்கள். அந்தப் பணத்துக்குப் பயிற்றுநரோடு எத்தனை மணி நேரம் பறக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எங்கே கிடைப்பார்கள்?

சனிக்கிழமை காலை, சின்ன விமான நிலையம், திறந்து கிடக்கும் ஹேங்கர் கதவு. முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். 1953-இல் தொடங்கிய இ.ஏ.ஏ. (எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்) அமைப்புக்கு அமெரிக்கா முழுக்கக் கிளைகள் உண்டு. மாதக் கூட்டத்துக்கு விமானி அல்லாதவர்களும் போகலாம். காட்டு ஓடுதளங்களுக்கென்றே இயங்கும் அமைப்புகளும் இருக்கின்றன: ஐடஹோ ஏவியேஷன் அசோசியேஷன், யூட்டா பேக் கன்ட்ரி பைலட்ஸ், மொன்டானா விமானிகள் 2003-இல் தொடங்கிய ரிக்ரியேஷனல் ஏவியேஷன் ஃபவுண்டேஷன்.

இவற்றில் எதில் சேர்ந்தாலும், கூட்டங்களைவிட வேலை நாள்களுக்குப் போங்கள். இந்த ஓடுதளங்கள் பலவற்றைப் பராமரிப்பது விமானிகளின் கைகள்தான். புல் வெட்ட வேண்டும், வேலி கட்ட வேண்டும், காற்றுத் துணியை மாற்ற வேண்டும், அணில் தோண்டிய பொந்துகளை மூட வேண்டும். மண்வெட்டி பிடித்து ஒரு நாள் பூராவும் கூட நின்றவரை யாரும் மறக்க மாட்டார்கள். மதியச் சாப்பாட்டில் நாலு பேர் தங்களுக்கு நேர்ந்த இக்கட்டுகளைப் பேசிக்கொள்வதைக் காது கொடுத்துக் கேட்டால் போதும். எந்த வகுப்பிலும் அது கிடைக்காது.

சியாட்டிலிலும் பீனிக்ஸிலும் வேலை பார்த்துக்கொண்டே பறக்கக் கற்கும் நம்மவர்களுக்கு இரண்டு விஷயம். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள் பயிற்சியைத் தொடங்கும் முன்பே போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான டி.எஸ்.ஏ.யின் பாதுகாப்பு அனுமதி வாங்க வேண்டும். அதை முதலில் முடியுங்கள். இரண்டாவது, பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம். மற்ற இடங்களில் அது மரியாதை, விமானத்துக்குள் அது ஆபத்து. எழுபது வயதுக்காரரையும் அங்கே பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ‘இந்தக் காற்றில் எனக்குப் பயமாக இருக்கிறது, திரும்பிவிடலாமா?’ என்று கேட்பவரை நல்ல மூத்தவர் மதிப்பார். மனசுக்குள் பயந்துகொண்டு தலையாட்டுபவரை அடுத்த முறை கூட்டிப்போக யோசிப்பார்.

எப்படிக் கேட்பது?

‘எனக்கு வழிகாட்டியாக இருப்பீர்களா?’ என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். பெரிய பொறுப்பு மாதிரி ஒலிக்கும். பாதிப் பேர் நழுவிவிடுவார்கள். சின்னதாக, நாள் குறித்து, மறுப்பதற்கும் இடம் விட்டுக் கேளுங்கள். இப்படி ஒரு செய்தி அனுப்பலாம்:

“நான் இதே விமான நிலையத்தில் செஸ்னா 172-இல் பயிற்சி எடுக்கிறேன். 22 மணி நேரம் ஆகியிருக்கிறது, தனியாக மூன்று முறை பறந்திருக்கிறேன். போன வாரம் நீங்கள் கார்டன் வேலி போய்வந்ததாகச் சொன்னார்கள். அடுத்த முறை கிளம்பும் முன் எடை, காற்று, வெப்பம் கணக்குப் போடும்போது அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்க்கலாமா? கூட வர இடம் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை ஹேங்கரில் என்ன வேலை இருந்தாலும் செய்ய வருகிறேன்.”

உங்கள் நிலையை உள்ளபடி சொல்லியாகிவிட்டது. கேட்டது அவருடைய அரை மணி நேரம் மட்டுமே. இதற்கு ‘வேண்டாம்’ என்று சொல்பவர்கள் குறைவு. காலி இருக்கை தானாக வரும். வந்தால் உங்கள் எடையையும் பையின் எடையையும் கிராம் பிசகாமல் சொல்லுங்கள். இந்த விமானங்களில் பத்துக் கிலோகூடக் கணக்கில் வரும்.

ஆள் சரிதானா?

நீங்கள் அவரைக் கேட்பது போலவே, அவரையும் எடைபோட வேண்டும். எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறார் என்பதை நான் முதல் கேள்வியாக வைக்க மாட்டேன். கடைசியாக எப்போது பயணத்தை ரத்துசெய்தீர்கள், ஏன், என்று கேளுங்கள். உடனே இரண்டு மூன்று உதாரணம் சொல்பவர் நல்ல ஆள். யோசித்து யோசித்து ஒன்றும் நினைவுக்கு வராதவரிடம் காப்பி குடிக்கலாம்; பறக்க வேண்டாம்.

போகவே மாட்டேன் என்று அவர் வைத்திருக்கும் இடங்கள் எவை? ஐடஹோவின் பிக் கிரீக் பக்கத்தில் மைல் ஹை, வைன்ஸ், சிமண்ட்ஸ், டூயி மூர் என்று நான்கு தளங்கள் உண்டு. குட்டையானவை, சரிவானவை, அவசரத்துக்கு மட்டுமே என்று சொல்லப்பட்டவை. முதல் கோடையிலேயே உங்களை அங்கே கூட்டிப்போகிறேன் என்று ஒருவர் ஆசை காட்டினால் நன்றி சொல்லி விலகுங்கள். அலாஸ்காவின் வால்டீஸில் மே மாதம் நடக்கும் குறுந்தூர இறங்கும் போட்டியைப் போய்ப் பாருங்கள், கைதட்டுங்கள். எத்தனை அடியில் நிறுத்தினேன் என்பதையே ஒருவர் திரும்பத் திரும்பப் பேசினால் அது போட்டிக்காரரின் கவலை. குறித்த இடத்தில், குறித்த வேகத்தில், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இறங்குகிறாரா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

அவர் கடைசியாகப் பயிற்றுநர் ஒருவரோடு பறந்தது எப்போது என்றும் கேட்டுவிடுங்கள். அனுபவம் கவசம் ஆகாது. மலைப் பறத்தலுக்குப் பலரும் வேதமாகப் படித்த நூலை எழுதிய ஸ்பார்க்கி ஐம்சன், 2009-இல் மொன்டானாவில் நடந்த விமான விபத்தில்தான் இறந்தார்.

பக்கத்தில் உட்கார்ந்து எதைப் பார்ப்பது?

காட்சியை ரசிக்கத் திரும்பி வரும் வழியில் நேரம் இருக்கும். போகும்போது அவர் எடுக்கும் முடிவுகளைக் கவனியுங்கள்.

ஜான்சன் கிரீக்கை எடுத்துக்கொள்வோம். 3,400 அடிப் புல் தளம்; கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,900 அடி உயரம். கோடை மதியம் 30 டிகிரி வெயில். அந்த உயரத்துக்கு வழக்கமாக இருக்க வேண்டிய வெப்பம் 5 டிகிரி. வித்தியாசம் 25 டிகிரி. டிகிரிக்கு 120 அடி வீதம் 3,000 அடி. ஆக, விமானத்தைப் பொறுத்தவரை அது ஏறத்தாழ 7,900 அடி உயரத்திலிருக்கும் ஓடுதளம். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் போல வலுவிழக்கும் என்று வைத்தால், கால்வாசிச் சக்தி கிளம்பும் முன்பே காணாமல் போகிறது. இறக்கைக்கும் புரொபெல்லருக்கும் காற்று மெலிந்திருப்பது தனி நஷ்டம். அதனால்தான் அனுபவசாலிகள் விடியலில் கிளம்பி, வெயில் ஏறும் முன் விமானத்தைக் கட்டிவிட்டு மர நிழலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். மூத்தவர் இந்தக் கணக்கைப் போடும்போது நீங்களும் தனியாகப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, கிளம்பும் ஓட்டத்தில் பாதித் தூரத்தைக் குறித்துக்கொள்கிறாரா? தளத்தின் பாதியில், மேலெழும் வேகத்தின் 70 சதவீதத்தை எட்டவில்லை என்றால் த்ராட்டிலை மூடி நின்றுவிட வேண்டும் என்பது பழைய விதி. மணிக்கு 50 மைலில் எழும் விமானம், இங்கே 1,700 அடியில் 35 மைலைத் தொட்டிருக்க வேண்டும். பலர் இதைச் சொல்வார்கள். பாதித் தூரத்தில் இருக்கும் மரத்தையோ வேலிக்கம்பையோ கிளம்பும் முன்பே கைகாட்டி, ‘அதுதான் என் எல்லை’ என்று சொல்பவர் சிலரே.

பள்ளத்தாக்குக்குள் அவர் நடுவில் பறக்கிறாரா, ஓரத்தில் பறக்கிறாரா? ஒரு பக்கத்தை ஒட்டிப் போனால்தான் முழு அகலமும் திரும்புவதற்குக் கிடைக்கும். வேகமும் முக்கியம். 30 டிகிரி சாய்வில் 60 நாட் வேகத்தில் திரும்ப ஏறக்குறைய 1,100 அடி அகலம் வேண்டும். 90 நாட்டில் அதே திருப்பத்துக்கு 2,500 அடி ஆகிவிடும். மலை நெருங்க நெருங்கப் பதற்றத்தில் வேகம் கூட்டுகிறவர் தன் இடத்தைத் தானே குறுக்கிக்கொள்கிறார். இறுக்கமாகச் சாய்த்துச் சமாளிக்கலாம் என்றால், 60 டிகிரி சாய்வில் உயரம் குறையாமல் திரும்பும்போது ஸ்டால் வேகம் நாற்பது சதவீதம் ஏறிவிடும். மலை முகட்டைக் கடக்கும்போது நேராகப் போய் முட்டாமல் 45 டிகிரியில் நெருங்குகிறாரா என்றும் பாருங்கள். மறுபக்கம் காற்று கீழே அழுத்தினால் பாதித் திருப்பத்திலேயே விலகிவிடலாம்.

சில தளங்களுக்கு ஒரே வழிதான். மேட்டை நோக்கி இறங்க வேண்டும், பள்ளத்தை நோக்கி எழ வேண்டும். அங்கே இறங்காமல் மறுபடி எழ முடியும் என்கிற கடைசிப் புள்ளி ஒன்று உண்டு. ஓடுதளத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பேகூட அது வந்துவிடலாம். அதைத் தாண்டினால் இறங்கியே ஆக வேண்டும். அந்தப் புள்ளியை மூத்தவர் வாய்விட்டுச் சொல்கிறாரா? ரேடியோவில் 122.9 அலைவரிசையில் தான் இருக்கும் இடத்தை அடிக்கடி அறிவிக்கிறாரா? கீழே ஆற்றில் படகில் போகிறவர்களும் முகாமிட்டிருப்பவர்களும் இருக்கும் இடத்தில் தாழப் பறந்து இரைச்சல் கிளப்பாமல் இருக்கிறாரா?

தரையிறங்கியதும் நல்லவர்கள் தளத்தை நடந்து பார்ப்பார்கள். கூடவே நடங்கள். குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்க்கிறார். எவ்வளவு புதைகிறது என்பதில் சக்கரம் எவ்வளவு இழுபடும் என்று அவருக்குத் தெரிகிறது. புல் ஈரமா, காய்ந்ததா, எந்த உயரம், எல்க் மான்களின் தடம் எந்தப் பக்கம் கடக்கிறது, நண்பகலுக்குப் பின் காற்றுத் துணி எந்தத் திசைக்கு மாறும். இந்தக் கேள்விகளை நீங்கள் முந்திக்கொண்டு கேட்க ஆரம்பித்தால், அடுத்த முறை அவர் உங்களைக் கூப்பிடுவார்.

உயிர்காக்கும் பொருள்கள் பையில் இருந்தால் போதாது. உடம்பில் இருக்க வேண்டும். விமானம் கவிழ்ந்து தீப்பிடித்தால் பின்னால் இருக்கும் பை உங்களுக்குக் கிடைக்காது. 406 மெகாஹெர்ட்ஸ் அவசர அழைப்புக் கருவி, தீப்பெட்டி, கத்தி, காயத்துக்குக் கட்டு ஆகியவை மேல்சட்டைப் பைகளில் போகட்டும். கிளம்பும் முன் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குள் பேச்சு வராவிட்டால் தேட வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஐடஹோவின் உயரமான தளங்களில் பனி தாமதமாகத்தான் விலகும். பராமரிப்பு வேலை நாள்களும் அதைப் பொறுத்தே குறிக்கப்படும். அறிவிப்பு வரும் வரை காத்திருக்காமல், குளிர்காலத்திலேயே ஏதாவது ஒரு சங்கத்தில் உறுப்பினராகிவிடுங்கள். மண்வெட்டி அங்கே கிடைக்கும். கையுறையை மட்டும் நீங்களே கொண்டுபோங்கள்.